ஜி1000 அருமையான பெட்டி, ஆனால் முதல் ஐம்பது மணி நேரத்துக்கு வேண்டாம்

வட்டக் கருவிகள் வைத்த செஸ்னா 152-இல் 62 மணி நேரம், அப்புறம் வட்டங்களுக்குப் பதில் இரண்டு திரைகளில் எல்லாம் காட்டும் கார்மின் ஜி1000 வைத்த செஸ்னா 172எஸ்-இல் 88 மணி நேரம். என் லாக்புக்கில் இவ்வளவுதான் இருக்கிறது. சிபிஎல்லுக்கு (சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் உரிமம்) வேண்டிய 200-ஐத் தொட இன்னும் 50 பாக்கி. "பழைய கடிகார விமானத்தில் சேரலாமா, டிவி வைத்ததில் சேரலாமாண்ணே?" என்று ஊரிலிருந்து தம்பிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். வங்கிக் கடனில் பறக்கிறவன் எழுதும் விமர்சனம், மணிக் கட்டணக் கணக்கும் கூடவே ஓடும்.

152-இன் முன்பலகையில் ஆறு வட்டங்கள். மேல் வரிசையில் வேகம், அடிவானம் (விமானத்தின் சாய்வு காட்டுவது), உயரம். கீழ் வரிசையில் டர்ன் கோஆர்டினேட்டர் (திரும்பும் வேகம் காட்டுவது), திசை, ஏறும் இறங்கும் வேகம். ஃபைனலில், அதாவது இறங்க ரன்வேக்கு நேராக வரும்போது நான் வேகத்தைப் படித்ததே இல்லை. முள் எந்தச் சாய்வில் நின்றால் சரி என்று பத்தாவது மணி நேரத்துக்குள் கண்ணுக்குப் பழகிவிட்டது. அரை நொடி உள்ளே பார்வை, மற்ற நேரமெல்லாம் ரன்வே.

ஜி1000-இல் அந்த முள் கிடையாது. 10.4 அங்குலத் திரையின் இடது ஓரத்தில் எண்கள் நாடா மாதிரி ஓடும், நடுவில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நிற்பதுதான் உங்கள் வேகம். 63, 64, 66 என்று கடைசி இலக்கம் உருண்டுகொண்டே இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு மூக்கை ஏற்றுவேன், இறக்குவேன். எங்கள் இன்ஸ்ட்ரக்டர் விமானப்படையில் ஓய்வுபெற்ற மதுரைக்காரர். முதல் வாரம் முழுக்க ஒரே பாட்டுதான்: "தம்பி, டிவியை அப்புறம் பார்க்கலாம், வெளியே பாருப்பா." ஒரு நாள் தன் தொப்பியைக் கழற்றித் திரைமேல் மாட்டிவிட்டார். அன்றைக்குத்தான் ஒழுங்காக இறக்கினேன்.

குமிழ்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உயரமானிக்கு க்யூஎன்ஹெச் (அப்போதைய காற்றழுத்த அளவு) வைக்கும் பெரிய வளையமும், கோர்ஸ் (போக வேண்டிய பாதையின் திசை) வைக்கும் சின்னக் குமிழும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் இருக்கின்றன. மே மாத மதியம் வெப்பக் காற்றில் விமானம் மாட்டுவண்டியாய்க் குலுங்கும்போது விரல் ஒன்றைத் திருப்பப் போய் இரண்டையும் திருப்பும். திரைக்கு அடியில் வரிசையாக 12 விசைகள், ஒன்றை அழுத்தினால் மற்றவற்றின் பெயரெல்லாம் மாறும். இதையெல்லாம் எஞ்சின் ஓடும்போது படிப்பது காசைக் காற்றில் விடுவது. நான் சேர்ந்த பள்ளி (பெயர் வேண்டாம்) அதைத்தான் செய்ய வைத்தது. தரையில் வெளி மின்சாரம் கொடுத்து உட்கார்ந்து பழக விடுங்கள் என்று கேட்டால் வண்டி இல்லை, ஆள் இல்லை. கடைசியில் கார்மினே விற்கும் கணினிப் பயிற்சி மென்பொருளில், ஹாஸ்டல் அறையில், ராத்திரி ராத்திரியாகப் பழகினேன்.

இதனால் பழையதுதான் உசத்தி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வட்டங்கள் பொய் சொல்லும், அதுவும் முகம் மாறாமல். 152-இல் திசை காட்டும் ஜைரோ (சுழலும் சக்கரம்) காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்பில் ஓடுகிறது. பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுவது அதற்குத் தெரியாது, அதற்குமேல் பேரிங் உராய்வு. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காந்தத் திசைகாட்டியைப் பார்த்து நாம்தான் திருத்தி வைக்க வேண்டும். இரண்டாவது தனி கிராஸ் கன்ட்ரியில் (வேறு ஊருக்குப் போகும் தொலைதூரப் பறப்பு) நான் மறந்துவிட்டேன். நாற்பது நிமிடம் கழித்து இடதுபக்கம் வரவேண்டிய ரயில் பாதையைக் காணோம். திசைகாட்டியைப் பார்த்தால் இருபது டிகிரி வித்தியாசம். சட்டை நனைந்துவிட்டது. ஜி1000-இல் இறக்கைக்குள் இருக்கும் காந்தமானி திசையைத் தானே சரிசெய்துகொண்டே இருக்கும். ஏதாவது கருவியின் தகவல் வராமல் போனால் அந்த இடத்தில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. வேக நாடாவின் ஓரத்தில் இன்னும் 6 நொடியில் வேகம் எங்கே போய் நிற்கும் என்று ஒரு கோடு காட்டும், பழகிவிட்டால் அதை விட மனசே வராது.

அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி 2010-இல் சிறிய விமானங்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. திரை வைத்த விமானங்களில் மொத்த விபத்து வீதம் குறைவு, உயிர்ப்பலி வாங்கும் விபத்து வீதம் அதிகம். அவை நீண்ட பயணங்களுக்கும், வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பிப் போகும் இன்ஸ்ட்ரூமென்ட் பறப்புக்கும் அதிகம் போனதும் கணக்கில் உண்டு. ஆனால் அந்தந்தக் கருவிக்கென்றே தனிப் பயிற்சி வேண்டும் என்று அவர்கள் சொன்னதை என் ஹாஸ்டல் ராத்திரிகளோடு சேர்த்துப் படித்தால் நன்றாகவே புரிகிறது.

போன மாதம் இன்ஸ்ட்ரக்டர் பறக்கும்போதே இரண்டு திரைகளின் வெளிச்சத்தையும் அடியோடு இறக்கிவிட்டார். "இப்போ ஓட்டு." திரை போனால் கைகொடுக்க நடுவில் கீழே மூன்று குட்டி வட்டங்கள் (ஸ்டாண்ட்பை கருவிகள்): வேகம், அடிவானம், உயரம். பழைய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, 100 அடிக்குள் உயரத்தைப் பிடித்துவிட்டேன். முதல் நாளிலிருந்தே ஜி1000-இல் பறந்த என் அறைத்தோழன் அதே பயிற்சியில் 300 அடி இழந்தான். என்னைவிட அவன் நல்ல பைலட், அது வேறு விஷயம்.

ஆகவே தம்பிகளே, கையில் வாய்ப்பு இருந்தால் தனியாகப் பறந்து முதல் கிராஸ் கன்ட்ரி முடியும்வரை வட்டங்களிலேயே இருங்கள். இன்ஸ்ட்ரூமென்ட் பயிற்சி தொடங்கும்போது ஜி1000-க்கு மாறுங்கள், அங்கே அதற்கு ஐந்துக்கு நாலரை தருவேன். அரை மதிப்பெண் அந்த இரட்டைக் குமிழுக்காகப் போனது.

எனக்கு அடுத்து மல்டி எஞ்சின், டைமண்ட் டிஏ42. அதிலும் ஜி1000தான். ஸ்டாண்ட்பை கருவிகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று கதவைத் திறந்ததும் முதலில் பார்க்கணும்.