சீல் உடைக்காத பெட்டி: மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

ஓசூரில் ஒரு மாடிக் கடையில் 74,000 ரூபாய் கொடுத்து டூப்ளிகேட் மெட்டல் டிடெக்டர் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். கடைப்பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது, பெயர் போட்டால் அதையே வைத்து இழுத்தடிப்பார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெயர் இல்லாமலே சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

காவேரிப்பட்டணம் பக்கம் பைப்லைன், மோட்டார் வேலை பார்க்கிறேன். மண்ணுக்குள் புதைந்துபோன கேட் வால்வைத் தேடிக் கடப்பாரையால் குத்தியே பாதி நாள் போய்விடும். யாரோ போட்டுவிட்டுப் போன ஜி.ஐ. பைப் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அதற்காக ஆறு வருஷத்துக்கு முன்பு 9,000 ரூபாய்க்கு ஒரு சீன மெஷின் வாங்கினேன். அந்த மெஷின் இருக்கிறது என்று ஊருக்குள் தெரிந்ததும் வேறு வேலைகள் வர ஆரம்பித்தன. மாந்தோப்பில் கம்மல் விழுந்துவிட்டது, களத்தில் மெட்டி காணவில்லை என்று கூப்பிடுவார்கள். சாமில்காரர் ஒருவர் ரோட்டோரப் புளியமரத்தை ஏலத்தில் எடுத்தால் அறுப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுவார். அந்த மரங்களில் விளம்பர போர்டு அடித்த ஆணி உள்ளே போய்ப் பட்டை மூடியிருக்கும். ஓர் ஆணி போதும், பேண்ட்சா பிளேடு பல் போய்விடும்.

பழைய மெஷின் வால்வைக் காட்டும், ஆணியைக் காட்டும். மூக்குத்தியைக் காட்டாது, கம்மல் திருகாணியைக் காட்டாது. இது மெஷினின் குற்றம் இல்லை, கொஞ்சம் விஷயம் இருக்கிறது. மெஷினின் அடியில் இருக்கிற கம்பிச் சுருளான காயிலில் இருந்து போகிற காந்தப் புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும், அது திருப்பி அனுப்புகிற சின்ன புலத்தைத்தான் மெஷின் கேட்கிறது. சின்னத் தங்கத்தில் அந்த ஓட்டம் சீக்கிரம் செத்துவிடும். அதைப் பிடிக்க அதிக அலைவரிசை, அதாவது அதிக கிலோஹெர்ட்ஸ் வேண்டும். அதிக கிலோஹெர்ட்ஸ் வைத்தாலோ நம் பக்கத்துச் செம்மண்ணில் இருக்கிற இரும்புச் சத்தும் சேர்ந்து கத்தும். செயின் இன்னும் மோசம். முழு செயின் ஒரே துண்டாகத் தெரியாது, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சின்னப் பொருளாகத்தான் தெரியும். மூன்று பவுன் செயினை விட அரைப் பவுன் மோதிரம் சுலபமாகக் கிடைப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அதனால் பெரிய மெஷினுக்குப் போகலாம் என்று முடிவு செய்து மூன்று மாதம் படித்தேன். அமெரிக்காவின் காரெட் ஏ.டி. மேக்ஸ், துருக்கியின் நோக்டா லெஜண்ட், ஆஸ்திரேலியாவின் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 என்று மூன்றில் வந்து நின்றேன். காரெட் நல்ல மெஷின், ஆனால் 13.6 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசை. மற்ற இரண்டும் ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் வேலை செய்யும், வேண்டுமென்றால் தனியாக 40 கிலோஹெர்ட்ஸுக்கும் போகலாம். ஈக்வினாக்ஸ் 800-இல் பார்க், ஃபீல்ட், பீச் மோடுகளோடு கோல்ட் மோடும் உண்டு. கோல்ட் என்றதும் தங்கத்தை மட்டும் காட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன, கடத்துத்திறன் குறைந்த பொருளுக்குக் காது கூர்மையாகும், அவ்வளவுதான். சிகரெட் பெட்டி அலுமினியத் தாளும் மெல்லிய மோதிரமும் திரையில் பக்கத்துப் பக்கத்து எண்ணில்தான் வந்து நிற்கும். தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்த நான் எப்படி ஏமாந்தேன்? தெரிந்ததால்தான்.

கடைக்குப் போன அன்று மேஜை மேல் ஒரு சூட்கேஸ் திறந்திருந்தது. உள்ளே பித்தளை ஆண்டெனா இரண்டு, கைப்பிடி, எல்.இ.டி. எரிகிற ஒரு டப்பா. 'தங்கம் 1,000 மீட்டர் தூரத்திலிருந்தே காட்டும்' என்று சுவரில் போஸ்டர். தருமபுரி பக்கத்திலிருந்து வந்த மூன்று பேர் அதற்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கீழே இறங்கியதும் நான் சிரித்துவிட்டேன். இந்த ரகத்தில் ஏ.டி.இ. 651 என்று ஒன்றை வெடிகுண்டு காட்டும் கருவி என்று இராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்கிற்கு 2013-இல் லண்டன் நீதிமன்றம் பத்து வருஷம் சிறை கொடுத்தது. உள்ளே பிரித்துப் பார்த்தால் வேலை செய்கிற பாகம் என்று ஒன்றுமே கிடையாது. கோல்ஃப் பந்து தேடுகிற விளையாட்டுச் சாமானிலிருந்து பிறந்தது அது. இதைக் கடைக்காரரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, "அண்ணா, உங்களுக்கு விஷயம் தெரியுது. அதெல்லாம் டூப்புணா. கேக்கறவங்களுக்குக் கொடுக்கறோம். உங்களை மாதிரி ஆளுக்கு அதைக் காட்டவே மாட்டேன்" என்றார். ஒரு டீ வரவழைத்தார். அந்த நிமிஷமே நான் விழுந்துவிட்டேன். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவர் எனக்கு மட்டும் டூப்பு கொடுப்பாரா என்று தோன்றியது. இன்னொருவரை ஏமாற்றுகிறேன் என்று முகத்துக்கு நேராக ஒருவர் சொல்கிறார், அதைக் கேட்டு எனக்கு அவர் மேல் நம்பிக்கை வருகிறது. வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

எனக்கு டெமோ காட்டிய ஈக்வினாக்ஸ் 800 அசல்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. மனைவியின் மூக்குத்தியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். மொட்டை மாடியில் மண் தொட்டி ஒன்றில் ஒரு விரல் ஆழத்தில் வைத்தேன். 40 கிலோஹெர்ட்ஸில் தெளிவாகக் கத்தியது, 5-க்கு இறக்கியதும் ஊமையாகிவிட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "டெமோ பீஸ் எதுக்குணா, கை பட்டது. புதுசு தரேன்" என்று உள்ளேயிருந்து சீல் வைத்த பெட்டியை எடுத்து வந்தார். திறந்து பார்க்கலாமா என்றதற்கு, சீலை இங்கே உடைத்தால் கம்பெனி வாரண்டி பதிவாகாது, வீட்டில் போய்த் திறந்து ஆன்லைனில் பதிவு செய்யுங்கள் என்றார். அப்படி ஒரு விதியே கிடையாது. ஒரு டி.வி. வாங்கினால்கூடக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்கிறோம்.

அடுத்தது பில். ஜி.எஸ்.டி. பில் போட்டால் விலை ஏறும், எஸ்டிமேட் போட்டுக்கலாம் என்றார். நான் தலையாட்டினேன். இந்த இடத்தில் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, ஆசை என்னுடையது. 40,000 ஜிபேயில் போட்டேன். ஸ்கேன் செய்தபோது கடைப்பெயர் வரவில்லை, ஏதோ ஒரு தனிநபர் பெயர் வந்தது. தம்பி அக்கவுண்ட் என்றார். மீதி 34,000 ரொக்கம். கையில் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் 'டிடெக்டர் - 1' என்று எழுதி மொத்தத் தொகை. மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, சீல் இல்லை.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருந்தது. ஸ்பேனர், பைப் ரெஞ்ச், த்ரெட் கட்டர் எல்லாவற்றுக்கும் நடுவில் புது மெஷினை வைத்து, காயிலில் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தோம்.

முதல் வாரம் சந்தேகமே வரவில்லை. இரண்டு வால்வு தேடினேன், இரண்டும் கிடைத்தன. வால்வு என்பது ஒரு கிலோ இரும்பு, அதை எந்த மெஷினும் காட்டும். பிறகு போச்சம்பள்ளி பக்கத்திலிருந்து ஒரு பாட்டிக்காக அழைப்பு வந்தது. கடலைக்காய் பிடுங்கும்போது ஒரு காதுக் கம்மல் விழுந்துவிட்டது, அவருடைய மாமியார் போட்டது. கொல்லையில் மெஷினை ஆன் செய்தேன். மண் பேலன்ஸ் செய்ய, அதாவது மண்ணின் சத்தத்தை மெஷின் கழித்துக்கொள்ள, காயிலை மேலும் கீழும் அசைத்தால் எண் ஒரு இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவே இல்லை. தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கத்துகிறது, தூக்கினால் கத்துகிறது, சும்மா பிடித்துக்கொண்டு நின்றாலும் கத்துகிறது. பக்கத்து மோட்டார் ரூம் கரண்ட் காரணமாக இருக்குமோ என்று ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னேன். அப்போதும் கத்தியது. சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் மொத்தமாக வாயை மூடிக்கொண்டது. இரண்டு மணி நேரம் அந்தப் பாட்டி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "போகட்டும் விடு சாமி, வெயில்ல நிக்காத" என்று மோர் கொடுத்தார். காசு வாங்காமல் வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் அதே மூக்குத்திச் சோதனை. 5 வைத்தாலும், 10 வைத்தாலும், 40 வைத்தாலும் ஒரே மாதிரி மந்தமான சத்தம். திரையில் எண் மட்டும் மாறுகிறது, உள்ளே ஒன்றும் மாறவில்லை. அசல் ஈக்வினாக்ஸில் சார்ஜர் வயரைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் கம்பெனி சாஃப்ட்வேர் வழியாக அப்டேட் போடலாம். என்னுடையதை மாட்டினேன், சார்ஜ் ஏறியது, கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு மெஷின் இருப்பதே தெரியவில்லை. சீரியல் நம்பரைப் பதிவு செய்யப் போனால் ஏற்கவில்லை. பெட்டியிலும் மெஷினிலும் நம்பர் இருந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு நம்பர். இந்தக் கம்பெனி மெஷின்களுக்குக் கள்ள நகல் நடமாடுவதாகக் கம்பெனியே பல வருஷமாக எச்சரித்து வருவதை அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். எந்த மெஷின் நல்லது என்று மூன்று மாதம் படித்தவன், நகல் உண்டா என்று ஒரு நாள்கூடத் தேடவில்லை.

பாட்டியின் கம்மலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் கழித்துப் பழைய 9,000 ரூபாய் மெஷினோடு போனேன். மண்ணில் இல்லை. ஓரமாகக் குவித்திருந்த கடலைக்கொடியைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்ததில் நாலாவது கட்டில் கிடைத்தது.

ஓசூர் கடையில் நடந்தது சுருக்கமானது. "இது நாங்க கொடுத்த மெஷினே இல்லைங்க" என்றார். அண்ணா என்று கூப்பிடவில்லை. சீட்டில் சீரியல் நம்பர் இல்லாததால் அவர் சொல்வதை என்னால் மறுக்கவும் முடியவில்லை. அசல் பெட்டியைக் கொண்டுபோய் நகல் மெஷினை நான்தான் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன் என்றும் ஒரு வார்த்தை விட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகார் வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். மோசடி இப்போது பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) சட்டத்தின் 318-ஆவது பிரிவில் வருகிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன், கடைக்காரர் பதில் போடவில்லை. அப்புறம் கிருஷ்ணகிரியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். ஐந்து லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 2019 சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், அதனால் பெங்களூரிலோ சென்னையிலோ வாங்கினவர்கள் அங்கே அலைய வேண்டியதில்லை.

வக்கீல் முதலில் கேட்டது பில். இல்லை என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஜிபே 40,000-க்கு ரெக்கார்டு இருக்கிறது, ஆனால் அது யாரோ தம்பிக்குப் போனது. ரொக்கத்துக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வாட்ஸ்அப்பைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனபோது, வாங்குவதற்கு முதல் நாள் கடைக்காரர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் கிடைத்தது. "அண்ணா ஈக்வினாக்ஸ் ரெடி, நாப்பது ஜிபே, மீதி முப்பத்தி நாலு கேஷா கொண்டு வந்துடுங்க." பதினோரு செகண்ட். வக்கீல் பேனாவை மறுபடி திறந்தார். கடைக்காரர்களோடு பேசுவதை அழிக்காதீர்கள், போன் மாற்றினாலும் பேக்கப் எடுத்து வையுங்கள்.

விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஆழம், அதனால் அதையும் சொல்கிறேன். அந்தக் கடைச் சுவரில் இன்னொரு போஸ்டரில் 'நாணயம் 5 மீட்டர் ஆழம்' என்று இருந்தது. சின்னப் பொருளுக்கு ஆழம் இரண்டு மடங்கானால் திரும்பி வருகிற சிக்னல் 64-இல் ஒரு பங்காகக் குறையும். போகும்போது எட்டில் ஒரு பங்கு, வரும்போது மறுபடி எட்டில் ஒரு பங்கு. லட்ச ரூபாய் மெஷினும் ஒரு நாணயத்தை ஓர் அடி ஆழத்தில் காட்டினாலே பெரிய விஷயம். மீட்டர் கணக்கில் பேசுகிற கடையிலிருந்து இறங்கி வந்துவிடுங்கள். நான் ஏறியே இருக்கக் கூடாது.

மீட்டர் கணக்கில் பேசுவது யாருக்காக என்றும் தெரியும். எனக்கு வருகிற போனில் பாதி புதையல் போன்தான். எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழாய்வில் கிடைத்த இரும்பு 4,200 வருஷப் பழமை என்று 2022-இல் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்த பிறகு இன்னும் அதிகமாகிவிட்டது. அது இரும்புங்க, தங்கம் இல்லை என்றால் கேட்பதில்லை. கல்திட்டையை, நடுகல்லைச் சுற்றித் தோண்ட நான் வர மாட்டேன். மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. ஆண்டெனா சூட்கேஸ் வாங்கிப் போன அந்த மூன்று பேரை நினைத்துக்கொள்வேன். அவர்கள் எங்கே போய்ப் புகார் கொடுப்பார்கள்? எதைத் தேடினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? அந்தத் தைரியத்தில்தான் அந்த வியாபாரமே நடக்கிறது.

இப்போது ஓர் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பேசி வைத்திருக்கிறேன். அவர் அங்கீகாரம் பெற்றவர்தானா என்பதைக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் பார்த்துக்கொண்டேன், அவர் தந்த ஜி.எஸ்.டி. எண்ணை அரசுத் தளத்தில் போட்டுச் சரிபார்த்தேன். என் முன்னால் சீல் உடைக்க வேண்டும், பெட்டி நம்பரும் மெஷின் நம்பரும் பில்லில் ஏற வேண்டும், என் மூக்குத்தியைத்தான் தேட வேண்டும் என்று கேட்டேன். "தாராளமா வாங்க சார்" என்றார். விலை 74,000-ஐ விட நன்றாகவே அதிகம். பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

நகல் மெஷின் பரணில் இருக்கிறது. தடயப் பொருள், துடைக்கக்கூடக் கூடாது, இருக்கிறபடியே இருக்கட்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். காயிலில் வைத்த குங்குமம் அப்படியே இருக்கிறது.