உலாவி உறைந்தால் இசட்ரேமா, எர்லிஊமா?

4 ஜிபி ரேம் உள்ள என் பழைய லினக்ஸ் கணினியில் உலாவியில் இருபது டேப் திறந்தால் போதும், மவுஸ் அம்பு அப்படியே நின்றுவிடும், ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரியும். ரேம் தீர்ந்து ஸ்வாப்பில், அதாவது ரேமுக்கு மாற்றாக டிஸ்கில் ஒதுக்கிய இடத்தில், திணறுகிறது என்று அர்த்தம். இசட்ரேம் (zram) என்ற லினக்ஸ் வசதியைப் போட்டால் தரவை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைப்பதால் டிஸ்குக்கு அலைவது குறைந்து, இன்னும் சில டேப்களுக்கு இடம் கிடைக்கும். அதுவும் நிரம்பினால் மறுபடி அதே கதைதான். எர்லிஊம் (earlyoom) என்ற காவல் நிரல் இடம் தராது. ரேம், ஸ்வாப் இரண்டிலும் மிச்சம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் அதிகம் தின்னும் நிரலை, பெரும்பாலும் ஒரு டேப்பை, மூடிவிடும். பாதி நிரப்பிய படிவம் போய்விடும், அது வலிக்கத்தான் செய்யும், ஆனாலும் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதற்கு இது எவ்வளவோ மேல், அதனால் முதலில் எர்லிஊமைப் போடுங்கள். அப்புறம் இசட்ரேம். ஃபெடோரா லினக்ஸின் பணிநிலையப் (Workstation) பதிப்பும் 2020-இல் அதே வரிசையில்தான் இரண்டையும் சேர்த்தது.