ரிச்சி தெருவில் ப்ராசஸர் மாற்றிய அனுபவம்

சிங்கப்பூரிலிருந்து 2025 பொங்கலுக்குக் குரோம்பேட்டையில் உள்ள அக்கா வீட்டிற்குச் சென்றிருந்தபோது, அக்கா மகனின் கணினியைச் சரிசெய்து தரும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. விமானம் ஓட்டும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பில் மதுரைக்கோ திருச்சிக்கோ பறக்கும்போது பெரிய குறை தெரியவில்லை. லண்டன் போன்று கட்டடங்கள் நெருங்கிய நகரத்தின் மேல் ஏர்பஸ்ஸைத் தாழ்த்திக்கொண்டு வரும்போது மட்டும், ஓடுபாதை கண்ணில் படும் அந்தக் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில், படம் விட்டுவிட்டு நகர்ந்தது. "கிராஃபிக்ஸ் கார்டு மாத்தணும் மாமா" என்பது அவனுடைய முடிவாக இருந்தது.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிமுலேட்டரின் டெவலப்பர் மோடைத் திறந்தால், வேகத்தைத் தடுப்பது எது என்று ஒரு சிறு கட்டத்தில் அதுவே காட்டிவிடும். அதில் மெயின் த்ரெட், அதாவது கணினியின் மூளையான ப்ராசஸர் செய்யும் முதன்மை வேலை இழை, என்று வந்தது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டோ பாதித் திறனைக்கூடப் பயன்படுத்தாமல் காத்துக்கொண்டிருந்தது. இந்த மென்பொருள் ப்ராசஸரில் எத்தனை கோர்கள் (தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) இருந்தாலும் பெரும்பாலான வேலையை ஒரே இழையில்தான் வரிசையாகச் செய்கிறது என்பதால், கூடுதல் கோர்களைவிட ஒரு கோரின் வேகமும், தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் எல்3 கேஷின் அளவுமே இங்கு முக்கியம். வீட்டிலிருந்தது 2019-இல் வெளிவந்த ரைசன் 5 3600. அதன் எல்3 கேஷ் 32 எம்பி. அதே ஏஎம்4 சாக்கெட்டில் (மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) பொருந்தக்கூடிய ரைசன் 7 5700எக்ஸ்3டி-யில் அது 96 எம்பி. பி450 மதர்போர்டையும் ராமையும் அப்படியே வைத்துக்கொண்டு ப்ராசஸரை மட்டும் மாற்றலாம் என்பதே இந்தத் தேர்வின் பெரிய லாபம்.

சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9 விழுக்காடுதான், இங்கே 18 விழுக்காடு என்பதால், வரும்போதே மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரில் வாங்கி வந்திருக்கலாமே என்று அத்தான் கேட்டார். பழுதானால் வாங்கிய நாட்டில் வாரண்டி கோருவதே எளிது, அதற்காக அடுத்த பயணம் வரை பையன் காத்திருக்க முடியாது என்றேன். கேபினெட்டைக் கால் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு இருவரும் அண்ணா சாலையை ஒட்டியுள்ள மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டோம். கையில் சுமை இல்லாதவர்கள் மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

சிம் லிம் ஸ்கொயர் குளிரூட்டப்பட்ட பல மாடிக் கட்டடம். ரிச்சி தெருவில் கேபிள் சுருள்களுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவே, பின்னாலிருந்து இருசக்கர வாகனங்கள் ஒலி எழுப்பிக்கொண்டிருக்க, கடை கடையாக நின்று விலை கேட்க வேண்டும். முதலில் நுழைந்த கடையில் கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல் புதிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை மேசைமேல் வைத்தார்கள். அடுத்த கடையில் பெட்டியில்லாத ட்ரே ப்ராசஸரைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள்; அதற்குத் தயாரிப்பாளரின் மூன்றாண்டு வாரண்டி கிடையாது, கடையின் வாய்மொழி உறுதி மட்டுமே என்பது நான் கேட்ட பிறகே வெளிவந்தது. வேறொரு கடையில் முத்திரை பிரிக்காத பெட்டியும், வரிசை எண் குறித்த ஜிஎஸ்டி பில்லும் கிடைத்தன. இந்த ப்ராசஸரோடு கூலர் வராது; 3600-உடன் வந்த சிறிய கூலர் இதன் 105 வாட்டுக்குப் போதாது என்பதால், உயரமான டவர் கூலர் ஒன்றையும் சேர்த்து வாங்கினோம்.

நான் எழுத விரும்பிய பகுதி இதற்குப் பிறகுதான். அதே கடையின் மாடியில் உள்ள சர்வீஸ் அறையில் ஓர் இளைஞர் எங்களை எதிரிலேயே உட்கார வைத்து வேலையைத் தொடங்கினார். கணினியை முதலில் இயக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளின் பழைய பதிப்பு புதிய ப்ராசஸரை அறியாது, மாற்றிய பின் திரை கறுப்பாகவே நின்றுவிடும் என்று சொல்லி, பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பித்தார். நடுவில் மின்சாரம் போனால் போர்டு வீணாகிவிடும் என்பதால், கேபினெட்டின் வயரை முதலில் யூபிஎஸ்ஸில் செருகினார். பிறகு உடனே கூலரைப் பிடுங்காமல், கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு, கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவே காய்ந்திருந்த வெப்பம் கடத்தும் பேஸ்ட் இளகியதும் அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகியே எடுத்தார். ஏஎம்4-இல் பின்கள் ப்ராசஸரின் அடியில்தான் உள்ளன, மொத்தம் 1331. கூலரை நேராக இழுத்தால் ப்ராசஸரும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். "அவசரப்பட்டா அவ்வளவுதான் சார்" என்றார். இந்த நிதானத்திற்கு அவர் வாங்கிய கூலி 500 ரூபாய். சிங்கப்பூரில் இந்தத் தொகைக்கு இத்தனை பொறுமை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

புதியதைப் பொருத்தி முதல் முறை இயக்கியபோது, பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் எஃப்டிபிஎம் மாறியிருப்பதாகத் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. வட்டிலுள்ள தரவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் அதன் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கணினியில் அது இல்லாததால் ஒய் விசையை அழுத்தி அடுத்த கட்டத்திற்குப் போனோம். பயாஸைப் புதுப்பித்ததில் ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பு அழிந்து ராம் 3200-க்குப் பதிலாக 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்பும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டியதும் அவர் மறுப்பேதும் சொல்லாமல் சரிசெய்து தந்தார். இதைப் பார்க்காமல் வந்திருந்தால் செலவழித்ததில் ஒரு பங்கு வீணாகியிருக்கும்.

அன்றிரவே அதே லண்டன் இறக்கத்தை அதே அமைப்புகளோடு ஓட்டிப் பார்த்தோம். முன்பு நொடிக்கு 25 படச்சட்டங்களை (ஃப்ரேம்) சுற்றித் தடுமாறியது, இப்போது 40-க்குக் கீழே அரிதாகவே சென்றது. அதைவிட முக்கியமாக, இடையிடையே வந்த திடீர் உறைவு ஏறக்குறைய மறைந்துவிட்டது. வெப்பநிலை 75 டிகிரியை ஒட்டியிருந்தது. இந்த ப்ராசஸரின் உச்சவரம்பு 90 டிகிரி என்பதால், ஏசி இல்லாத அந்த அறையில் மே மாதத்தில் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டும். கேபினெட்டின் பின்புறம் இன்னொரு விசிறிக்கு இடமிருக்கிறது.

ப்ராசஸரால் தீராத குறை ஒன்று மிச்சம் இருக்கிறது. நிலப்படங்கள் இணையம் வழியாக வந்துகொண்டே இருப்பதால், மாலை நேரத்தில் பிராட்பேண்ட் மந்தமானால் கட்டடங்கள் உருகிய மெழுகுபோலத் தோன்றிப் பிறகுதான் சீராகின்றன. 2024 பதிப்பு இணையத்தை இன்னும் அதிகமாகச் சார்ந்திருப்பதால், இணைப்பின் வேகத்தைக் கூட்டும் வரை அதை வாங்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். பழைய 3600-ஐக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்டார்கள். சொன்ன விலை கட்டுப்படியாகாததால் அதைப் புதிய பெட்டியிலேயே போட்டு எடுத்து வந்துவிட்டோம்.