புரோஸ்டேட்டுக்குப் பூசணி விதைப் பொடி வாங்குபவர்கள் கவனத்துக்கு

ரங்கூனில் நம் ஆட்கள் நிறையப் பேர் இந்தப் பொடியை வாங்குவதாகக் கேள்வி. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எனக்கு வயது 63. இரண்டு வருடமாக ராத்திரி நாலைந்து தடவை எழுந்துகொண்டிருந்தேன். போய் நின்றால் லேசில் வராது. வந்தாலும் நூல் மாதிரி வரும். முடிந்தது என்று லுங்கியை இறுக்கினால் இன்னும் நாலு சொட்டு. டாக்டர் ஸ்கேன் பார்த்து, ரத்தமும் சோதித்து, புரோஸ்டேட் (சிறுநீர்ப்பைக்கு அடியில் நீர்க்குழாயைச் சுற்றியிருக்கும் சுரப்பி) பெருத்திருக்கிறது, புற்று மாதிரி தெரியவில்லை என்று சொல்லி நீர்ப்பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்தே நாளில் நாலைந்து தடவை என்பது இரண்டாகக் குறைந்தது. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

அனோரத்தா சாலை காளி கோயிலில் பழக்கமான ஒருவர்தான் பொடிக்காரரை அறிமுகப்படுத்தினார். தேன் ஒழுகும் பேச்சு. "ஐயா, இங்கிலீஷ் மாத்திரை நரம்பைத் தளர்த்திடும். இது பூசணி விதை, நெருஞ்சில், மாவிலங்கப் பட்டை, அமெரிக்கா சா பால்மெட்டோ பனைப்பழம் எல்லாம் சேர்ந்தது. மூணு டப்பாவில சதை கரைஞ்சிடும். ஆனா மாத்திரையை நிறுத்தினாத்தான் பொடி வேலை செய்யும்." விலை ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் கியாட். ரசீது கேட்டேன். "நமக்குள்ள எதுக்குய்யா ரசீது?" என்றார்.

மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாவது வாரம் பழைய கதை திரும்பியது. போன் செய்தால், "கெட்ட நீர் வெளியேறுது, நல்ல அடையாளம்" என்றார். படித்தவன் நான், அதற்கும் தலையாட்டினேன்.

அப்புறம் சளி பிடித்தது. கடையில் கொடுத்த சளி மாத்திரை இரண்டு போட்டேன். அன்று ராத்திரி கரண்டும் இல்லை. ஒன்பது மணியிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. அடிவயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. இரண்டு மணிக்கு மகன் டாக்ஸி பிடித்தான். ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் உயிரை எடுத்தது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் பையில் 900 மில்லி இறங்கியது. சாதாரணமாக 400, 500 சேர்ந்தாலே முட்டிக்கொண்டு வரும்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சளி மருந்து சாப்பிட்டீங்க?" குளோர்பெனிரமின், சூடோஎபெட்ரின் கலந்த மாத்திரைகள் எங்களைப் போன்றவர்களுக்கு நீரை அடைத்துவிடுமாம். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரும் இதை எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். டாம்சுலோசின் மறுபடி ஆரம்பித்து, மூன்று நாள் கழித்துத்தான் டியூபை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மிச்சப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இது பொட்டுக்கடலை மாவுங்க." தண்ணீரில் கரைத்தால் சட்னி மாதிரியே குழைந்தது. கசப்புக்கு ஏதோ ஒரு வேர். தெயின்ஜி மார்க்கெட்டில் உரித்த பூசணி விதை வாங்கி அரைத்துப் பார்த்தோம்: பச்சை நிறம், விரலெல்லாம் எண்ணெய். டப்பாவில் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, அசலாகவே இருந்திருந்தால்? மகன் தேடிப் பார்த்தான். அமெரிக்காவில் 225 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சா பால்மெட்டோவும் மற்றதற்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை என்று 2006இல் முடிவு வந்தது. அப்புறம் அளவை மூன்று மடங்கு வரை ஏற்றிப் பார்த்தார்கள். 2011இல் வந்த அந்த முடிவும் அதேதான். பூசணி விதையில் உள்ள பீட்டா சிட்டோஸ்டெரால் என்ற தாவரக் கொழுப்புச் சத்து சிலருக்கு நீர்ப்போக்கைக் கொஞ்சம் சுலபமாக்கலாம். பெருத்த சதையைக் கரைக்காது. நானும் இப்போது தினம் ஒரு பிடி விதை மெல்கிறேன், மாத்திரையையும் போட்டுக்கொண்டு.

பொடிக்காரர் என் போனை எடுப்பதில்லை. போன வெள்ளி கோயிலில் அந்தப் பழக்கக்காரரைப் பார்த்தேன். அவரும் அதே பொடிதான் சாப்பிடுகிறாராம். "மாத்திரையை நிறுத்திட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன். பதில் இல்லை. பூஜை முடிவதற்குள் மூன்று தடவை எழுந்து வெளியே போய் வந்தார்.