பூச்சி உயிரணுவில் உருவாகும் பன்றித் தடுப்பூசி: பவானிப் பண்ணையிலிருந்து ஒரு மதிப்பீடு

பால் மறந்த வெண்பன்றிக் குட்டிகள் தீவனம் தின்றும் முதுகெலும்பு தெரிய மெலிந்து, மூச்சிரைத்து ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கினால், முதலில் ஐயப்பட வேண்டியவற்றுள் பன்றி சர்க்கோ வைரஸ் 2 ஒன்று. அதற்கான இங்கெல்வாக் சர்க்கோஃப்ளெக்ஸ் தடுப்பூசியைப் பவானிப் பக்கத்து எங்கள் பண்ணையில் தொடர்ந்து போட்டு வருகிறோம்.

இம்மருந்தில் சர்க்கோ வைரஸ் இல்லை. அதன் உறைப்புரதம் மட்டுமே இருக்கிறது. அப்புரதத்துக்குரிய மரபணுவைப் பூச்சிகளைத் தாக்கும் பாகுலோ வைரஸில் ஏற்றிப் பூச்சி உயிரணுக்களுக்குள் செலுத்த, அங்கே உருவாகும் புரதங்கள் அறுபது அறுபதாகச் சேர்ந்து, ஏறத்தாழ 17 நானோமீட்டர் அளவுள்ள வெற்றுக் கூடுகளாகத் தாமே அமைந்துகொள்கின்றன. குட்டியின் உடல் அதை வைரஸாகவே எண்ணி எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்ளும். உள்ளே மரபுப்பொருள் இல்லாததால் அந்தக் கூடு பெருகி நோயை உண்டாக்க வழியில்லை. அந்தப் பூச்சி உயிரணுக்கள் முதலில் எடுக்கப்பட்டது, 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்து நம் மக்காச்சோளக் காடுகளைப் பாழாக்கிய அதே படைப்புழு இனத்திலிருந்து என்பதை இங்குள்ள விவசாயிகள் எளிதில் நம்ப மாட்டார்கள்.

இரண்டு வார வயதுக்கு மேல் 1 மில்லி, தசையில் ஒரே முறை, வேலை அவ்வளவுதான். தொற்றை அடியோடு தடுப்பதாகத் தயாரிப்பு நிறுவனமும் சொல்வதில்லை. இறப்பும் எடை இழப்பும் குறையும் என்பதே உறுதிமொழி. எங்கள் கொட்டகையில் அது பொய்க்கவில்லை. ஆனால் பாதுகாப்புக்கு அவர்கள் காட்டும் காலம் 17 வாரம். ஓட்டல் மீதியை நம்பி வளர்த்து, எட்டு மாதம் வரை நிறுத்தி வைத்து விற்பவர்கள், கடைசி மாதங்கள் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்பதை மறக்கக் கூடாது. வேறொரு வைரஸால் பன்றிகளுக்கு வரும் பன்றிக் காய்ச்சலுக்கான தடுப்பூசியைத் தனியாகத்தான் போட வேண்டும்.

என் குறை மருந்தின் மேல் அன்று, அதை விற்கும் விதத்தின் மேல். நாங்கள் வாங்கும் கடையில் 50 மில்லி புட்டிதான் கிடைக்கிறது. ஓர் ஈற்றுக்குப் பத்துக் குட்டி என்றால் மீதி நாற்பது ஊசி வீண், ஏனெனில் திறந்த புட்டியை உடனே தீர்த்துவிட வேண்டும். பக்கத்துப் பண்ணைக்காரரோடு பங்கிடலாம் என்றால், ஊசியோடும் காலணியோடும் வேறு நோய்கள் கொட்டகை மாறும். கடைக்காரர் 10 மில்லி புட்டியை வரவழைக்கும் வரை, தாய்ப்பன்றிகளை ஒரே சமயத்தில் சினைப்படுத்திக் குட்டிகள் ஒரே வாரத்தில் பிறக்குமாறு பார்த்துக்கொள்ளும் பண்ணைகளுக்கே இது கட்டுபடியாகும்.