அன்றைக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கும் மருந்துப் புட்டிகள்

1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்ற பேட்டன்ட் மருந்துகளை, அதாவது உள்ளே என்ன என்று சொல்லாத கம்பெனி மருந்துகளை, இன்று வாங்கிக் குடித்துப் பார்த்து விமர்சனம் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். ஆனால் அந்தப் புட்டிகளில் என்ன இருந்தது என்று அப்போதே சோதித்து எழுதி வைத்திருக்கிறார்கள், லேபிள்களும் விளம்பரங்களும் பார்க்கக் கிடைக்கின்றன, மதிப்பெண் போட அது போதும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் வெறும் சாயத்தண்ணீர், விவரம் தெரியாத ஜனங்கள் ஏமாந்தார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. பல மருந்துகள் நன்றாகவே வேலை செய்தன. சிக்கலே அதுதான்.

மிசஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப். 1849 முதல் விற்பனை, புட்டி 25 சென்ட். பல் முளைக்கும் நேரத்தில் குழந்தை விடாமல் அழுகிறதா, இதைக் கொடுங்கள், அமைதியாகிவிடும் என்றார்கள். ஆகத்தான் செய்தது. ஒரு அவுன்ஸ் சிரப்பில், அதாவது சுமார் 30 மில்லியில், அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின் 65 மில்லிகிராம். கணக்குப் போட்டால் ஒரு டீஸ்பூனுக்கே பத்து மில்லிகிராமுக்கு மேல் வருகிறது, அது வலி தாங்காத பெரியவருக்குக் கொடுக்கும் அளவு. ராத்திரி முழுக்கக் கண் விழித்த தாய்க்குக் குழந்தை தூங்கியதுதான் தெரியும், ஏன் தூங்கியது என்று லேபிளில் ஒரு வரி கிடையாது. தூங்கிய சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை. 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதைக் குழந்தைக் கொல்லி என்றே கண்டித்தது. பூஜ்யத்துக்குக் கீழே மதிப்பெண் இருந்தால் அதைப் போடலாம்.

அடுத்து பெரூனா. ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் டாக்டர் சாமுவேல் ஹார்ட்மன் விற்றது. இவருடைய சித்தாந்தம் ரொம்ப எளிமையானது, எல்லா வியாதிக்கும் சளிதான் காரணம், மூக்கில் வந்தால் ஜலதோஷம், வயிற்றில் வந்தால் அஜீரணம், நுரையீரலில் வந்தால் காசம், ஆக மருந்தும் ஒன்றே போதும். உள்ளே ஏறக்குறைய 28 சதவீதம் ஆல்கஹால். குடித்ததும் உடம்பு சூடேறும், மனசு லேசாகும், நாலு நாள் குடித்தவர் ஐந்தாம் நாளும் தேடுவார், பிறகு குணமாச்சு என்று நன்றிக் கடிதமும் எழுதுவார். கடைசியில் அரசாங்கமே, ஒன்று இதில் உண்மையான மருந்து எதையாவது சேருங்கள், இல்லையென்றால் சாராய லைசென்ஸ் எடுத்து விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. சேர்த்தார்கள், பேதி மருந்தை! ஆசைக்குக் குடித்தவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு நட்சத்திரம், அதுவும் அந்தப் பேதிக்காக.

லிடியா பிங்கம் கதைதான் எனக்கு எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாதது. மாசசூசெட்ஸின் லின் ஊரில் வீட்டு அடுப்பில் இவர் காய்ச்சிய பெண்களுக்கான கஷாயம், 1875-இல் விற்பனைக்கு வந்தது. வேர்கள், மூலிகைகள், நம் வெந்தயமும் உண்டு, கூடவே 18 சதவீதம் ஆல்கஹால். அந்த அம்மா மதுவிலக்கை ஆதரித்தவர், மூலிகைச் சத்து இறங்கவும் கெடாமல் இருக்கவும் மட்டும்தான் ஆல்கஹால் என்றது கம்பெனி. சரி. ஆனால் மாதவிலக்கு, கர்ப்பப்பை, வெள்ளைப்படுதல் பற்றி ஆண் டாக்டரிடம் வாய் திறக்கவே கூசிய காலத்தில், எனக்குக் கடிதம் எழுதுங்கள், ஆண் யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொன்ன ஒரே இடம் இதுதான் எனும்போது பெண்கள் எழுதாமல் இருப்பார்களா? பெண்ணுடம்பைப் பற்றி விளக்கும் சின்னப் புத்தகமும் இலவசமாக அனுப்பினார்கள், இது உண்மையான சேவை. கோளாறு எங்கே என்றால், லிடியா 1883-லேயே இறந்துவிட்டார், அதற்கு அப்புறமும் மிசஸ் பிங்கமுக்கு எழுதுங்கள் என்று விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. 1905-இல் ஒரு பெண்கள் பத்திரிகை அவர் கல்லறையின் படத்தையே அச்சிட்டுக் குட்டை உடைத்தது. இரண்டரை நட்சத்திரம், புத்தகத்துக்கு மட்டும் நாலு.

இத்தனையும் இவ்வளவு காலம் எப்படி ஓடின என்றால், பத்திரிகைகளுக்கு மருந்து விளம்பரம்தான் சோறு போட்டது. மருந்துகளுக்கு எதிராகச் சட்டம் வந்தால் இந்த விளம்பர ஒப்பந்தம் ரத்து என்று மருந்துக் கம்பெனிகள் ஷரத்தே போட்டிருந்தன, எந்த ஆசிரியர் எதிர்த்து எழுதுவார்? 1905-இல் கோலியர்ஸ் இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகையாளர் தொடராக எழுதிப் போட்டு உடைத்தார், 1906-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் மார்ஃபினையோ சாராயத்தையோ தடை செய்யவில்லை, இருந்தால் லேபிளில் சொல் என்றது, அவ்வளவுதான். அதற்கே பல கம்பெனிகள் சரக்கை மாற்றின.

வலிக்குத் தடவ என்று கிளார்க் ஸ்டான்லி என்பவர் விற்ற பாம்பு எண்ணெய் அந்தச் சட்டத்தில்தான் மாட்டியது. சோதித்தால் பாம்பே இல்லை, பெரும்பாலும் மினரல் ஆயில், கொஞ்சம் கொழுப்பு, மிளகாய்ச் சாறு. அபராதம் 20 டாலர்! வேடிக்கை என்னவென்றால், மிளகாயின் காரப்பொருள் இன்றும் மூட்டுவலிக் களிம்புகளில் இருக்கிறது. பொய் சொல்லி விற்றதால் ஒன்றரைதான்.

வீட்டு வைத்தியம் பக்கம் வந்தால் இவ்வளவு நாடகம் இல்லை. நெஞ்சில் வாத்துக் கொழுப்பைத் தடவிக் கம்பளித் துணி சுற்றுவது கதகதப்பு தரும், நாற்றமும் தரும். கடுகுப் பற்று ரத்த ஓட்டத்தைத் தோலுக்கு இழுக்கும், அதிக நேரம் விட்டால் கொப்பளித்துவிடும். விளக்கெண்ணெயைப் பற்றிக் குழந்தைகளிடம் கேட்டிருந்தால் நட்சத்திரமே கிடைத்திருக்காது. இருமலுக்குத் தேன் மட்டும் இன்றும் தாக்குப்பிடிக்கிறது, நாலரை கொடுக்கலாம், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கூடவே கூடாது.