லோஃபோட்டனில் தனிப்படகு எடுக்க இருப்பவர்களுக்கு: 14,500 குரோனரை இழந்தவளின் எச்சரிக்கை

கோடை விடுமுறைக்கு நோர்வேயின் வடக்கே லோஃபோட்டன் தீவுகளுக்குப் போக இருக்கும் எம்மவர்கள், தனியார் படகு ஒன்றை நாள் முழுவதற்கும் பதிவு செய்வதற்கு முன்னர் தயவுசெய்து இதை வாசித்துவிடுங்கள். முந்தநாள் ஸ்வொல்வேர் துறைமுகத்தில் எங்களிடம் 14,500 குரோனரை வாங்கிக்கொண்டு, இரண்டு மணி நேரம்கூட நிறையாத ஒரு சவாரியோடு கரையில் இறக்கிவிட்டார்கள்.

அப்பா 1980களில் இந்த நாட்டுக்கு வந்து, ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்று உழைத்தவர். அந்தக் கடலின் மீனை ஆண்டுக்கணக்காகக் கையில் பிடித்தவருக்கு, அந்தக் கடலில் ஒரு நாள் ஆறுதலாகப் போய்வரக் கொடுத்துவைக்கவில்லை. அதற்காகவே, படகு உரிமையாளர்களையும் பயணிகளையும் இணைத்துவிடும் இணையத்தளம் ஒன்றில் இந்தப் பயணத்தைப் பதிந்தேன். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, ஸ்க்ரோவா தீவில் இறங்கிச் சாப்பிட்டு, ரஃப்ட்சுண்ட் நீரிணை வழியே போய், வாயில் 100 மீற்றர் அகலமே உள்ள துரோல்ஃபியோர்டுக்குள் நுழைந்து, வெண்வால் கடற்கழுகுகளையும் பார்த்துவிட்டு மாலை ஐந்து மணிக்குத் திரும்புவதாக அதில் எழுதியிருந்தது.

அம்மாவுக்கு மூட்டு வருத்தம் இருக்கிறது, குளிர் ஒத்துவராது, ஆகவே மூடிய அறையுள்ள படகுதான் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தேன். அதற்கு உரிமையாளர் படகுக்குள் நின்று எடுத்த காணொளி ஒன்றை அனுப்பினார். மெத்தை போட்ட இருக்கை, காலடியில் சிறிய ஹீட்டர், யன்னலில் நீலத் திரைச்சீலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டி, தன்னுடைய தாயாரும் இதே இருக்கையில்தான் உட்கார்ந்து வருவார் என்று சொன்னார். பெற்ற தாயைச் சொல்லி ஒருவர் பேசும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்? கடனட்டை வசதி தற்காலிகமாக இயங்கவில்லை என்று தளம் அறிவித்ததால், 14,500 குரோனரையும் அன்றே வங்கி மூலம் அனுப்பினேன்.

இறங்குதுறையில் எங்களுக்காக நின்றது கூரையே இல்லாத ஓர் அலுமினியப் படகு. அறையுள்ள படகின் எஞ்சின் பழுதாகிவிட்டது, இது அதைவிட வேகமானது என்றார் அவர். அம்மாவுக்குக் கொடுத்த மிதவை உடையின் சிப் பாதியில் சிக்கி நின்றது, உட்காரும் பலகையில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஸ்க்ரோவா கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், வெஸ்ட்ஃபியோர்டில் காற்று கூடுகிறது என்று சொல்லிப் படகைத் திருப்பினார். "பிள்ளை, இதெல்லாம் ஒரு காத்தோ?" என்று அப்பா என் காதோடு கேட்டார். எங்களைக் கடந்து சுற்றுலாப் படகுகள் ரஃப்ட்சுண்ட் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

ஆபத்தென்று கண்டால் திரும்பும் உரிமை படகோட்டிக்கு உண்டு, அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் கரையில் வேறொரு குடும்பம் தயாராகக் காத்திருந்தது. அம்மா கழற்றிய உடை சூடு ஆறுவதற்குள் அவர்களில் ஒருவருக்குப் போடப்பட்டது, படகும் புறப்பட்டுவிட்டது. எங்களுக்கு ஆபத்தான காற்று அவர்களுக்கு எப்படி ஆபத்தில்லாமல் போனது?

பணத்தைத் தளத்திடம் கேளுங்கள் என்றார் உரிமையாளர். ஒப்பந்தம் உங்களுக்கும் உரிமையாளருக்கும் இடையிலானது, நாங்கள் இணைப்பவர்கள் மட்டுமே என்று தளம் எழுதியது. மறுபடி உரிமையாளரை அழைத்தால் தொலைபேசியை எடுக்கவில்லை. காணொளியையும், நாங்கள் ஏறிய படகின் படத்தையும் சேர்த்து மீண்டும் தளத்துக்கு அனுப்பினேன். வானிலையால் ஏற்படும் மாற்றங்களுக்குப் பணம் திருப்பித் தரப்படாது, அடுத்த பதிவுக்குப் பத்து வீதம் கழிவு தருகிறோம் என்று நன்றி தெரிவித்து முடித்துவிட்டார்கள். படகை மாற்றியது வானிலையா? 14,500 குரோனர் எங்கள் வீட்டில் சிறிய தொகை அல்ல.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. கடனட்டையில் மட்டும் கட்டுங்கள், ஏனென்றால் நோர்வேயில் சேவை கிடைக்காதபோது அட்டை வழங்கிய வங்கியிடமே பணத்தைக் கோர வழியுண்டு. வங்கி மாற்றம் கேட்டால் விலகிவிடுங்கள். உரிமையாளரிடம் ஒன்பது இலக்க நிறுவன எண்ணைக் கேட்டு, பிரொன்னொய்சுண்ட் என்ற அரச நிறுவனப் பதிவேட்டில் சரிபாருங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. பாதியில் திரும்பினால் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். காட்டிய படகு வராவிட்டால் ஏறாதீர்கள். எட்டு மீற்றருக்குக் குறைந்த பொழுதுபோக்குப் படகு ஓடும்போது வெளியே இருக்கும் எல்லோரும் மிதவை உடை அணிந்திருக்க வேண்டும் என்பது இங்கு சட்டம், ஆகவே சிப் பூட்டாத உடையை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

முறைப்பாட்டை இன்றிரவே நுகர்வோர் மேற்பார்வை அமைப்புக்கு அனுப்புகிறேன். இதே காணொளி வேறு யாருக்காவது வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.